திரையில்லா வானம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் பேருந்து ஏறி, வெள்ளாற்றைக் கடந்து, வேலையை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். போக 45, வர 45. அந்தத் தொலைவைத் தரையில் அளக்காமல் நேர் மேலே அளந்து, இன்னும் ஒரு பத்துக் கிலோமீட்டரைச் சேர்த்துக்கொண்டால் விண்வெளியின் வாயிலை அடைந்துவிடலாம்! கடல்மட்டத்திலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தையே விண்வெளியின் தொடக்கம் என்று உலகில் பலரும் கொள்கின்றனர். கடலூர்க்காரருக்குச் சென்னை அதைவிடத் தொலைவு.

இவ்வளவு அருகில் இருப்பதை எட்டிப்பிடிக்க மனிதனுக்கு எத்தனை ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன! 1957 அக்டோபர் 4இல் முதல் செயற்கைக் கோள் ஏறிற்று. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். 1963 ஜூன் 16இல் வாலந்தீனா தெரஷ்கோவா என்ற நெசவாலைத் தொழிலாளி விண்ணேறிய முதற் பெண்ணானார். 1969 ஜூலை 20இல் மனிதன் திங்களில் இறங்கினான். இந்தத் தேதிகளைத் திருநாள்களைப்போல் மனத்தில் வைத்திருப்பவர்களில் நாமும் சேர்ந்தவர்கள். விண்வெளி என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த நாட்டத்தின் கண்கொண்டே கடலூரையும் சிதம்பரத்தையும் இங்கே பார்க்கிறோம். ஏனெனில், வானத்தைப் பற்றி இவ்வளவு பேசிய வட்டாரமும் வேறில்லை. வானத்தால் இவ்வளவு அடிபட்ட கரைகளும் சிலவே.

முதலில் பெயரைப் பாருங்கள். சிற்றம்பலம் என்பது தூய தமிழ். சிறிய அம்பலம், சிறிய மன்றம் என்று பொருள். அதுவே பின்னர் சிதம்பரம் ஆயிற்று என்பர் தமிழறிஞர். பிறகு வடமொழியார் 'சித்' என்றும் 'அம்பரம்' என்றும் பிரித்து, அறிவு வெளி என்று பொருள் கூறினர். மன்றம் வானமாயிற்று. ஐம்பூதங்களுள் ஆகாயத்துக்குரிய தலம் இதுவே என்றனர். சரி, வானம் எங்கே? திரைக்குப் பின்னால்! திரையை விலக்கினால் உருவம் ஏதுமில்லை. பொன் வில்வமாலை மட்டும் தொங்குகிறது. வெறும் வெளியே இறைவன் என்பது அதன் கருத்து. கருத்து உயர்ந்தது என்று போற்றுவோர் உண்டு. நமக்கு ஒரே ஒரு கேள்விதான். எல்லார் தலைக்கும் மேலே விரிந்துகிடக்கும் வெளிக்குத் திரை எதற்கு? அந்தத் திரையை விலக்கும் உரிமை சிலரிடம் மட்டும் இருப்பது எதனால்?

இந்தக் கேள்விக்கு உயிரைக் கொடுத்து விடை தேடிய ஒருவரைப் பெரியபுராணமே காட்டுகிறது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியதால் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றவர். தில்லையின் எல்லைவரை வந்தும் உள்ளே நுழைய முடியவில்லை. தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுள் சென்றார் என்று கதை முடிகிறது. ஆகாயத்தைக் காண ஒரு மனிதன் நெருப்பில் இறங்கவேண்டியிருந்தது! அந்த நெருப்பை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் முடிவில் வேறொரு நெருப்பைக் காண்போம்.

இன்று அந்தத் திரைக்கு அறிவியல் சாயம் பூசும் வேலை நடக்கிறது. உலகின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி நடராசர் சிலையின் கால் பெருவிரலில் இருக்கிறது; மேலைநாட்டு அறிவியலார் எட்டாண்டுகள் ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டனர் என்று ஒரு செய்தி கைக்குக் கை மாறி உலவுகிறது. படித்தவர்களும் வியந்து பிறருக்கு அனுப்புகின்றனர். ஆராய்ந்தவர் யார்? எந்த ஏட்டில் எழுதினார்? கேட்பாரில்லை. கேட்டாலும் விடையில்லை.

காந்த நடுக்கோடு என்பது என்ன? செங்குத்தாகச் சுழலும்படி தொங்கவிட்ட காந்த ஊசி, எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்தால் வரும் கோடு. அது பூமியைச் சுற்றிவரும் வளையம். வளையத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே அதன்மேல் 'மையப்புள்ளி' என்று ஓரிடம் இருக்க முடியாது. போகட்டும், அந்தக் கோடாவது சிதம்பரத்தின் வழியே செல்கிறதா என்றால் அதுவும் இல்லை. பூமியின் உள்ளே நடக்கும் மாற்றங்களால் அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகரும் கோடு. நிலைத்து நிற்கும் சிலையின் விரலுக்கும், நிலையாமல் நகரும் கோட்டுக்கும் என்ன முடிச்சு?

அந்தக் கோட்டை உண்மையாகவே தேடிப் போனவர்கள் உண்டு. அவர்கள் போய் நின்ற இடம் தில்லையன்று. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் சிற்றூர். காந்த நடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், வலிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் ஏறா. செயற்கைக் கோள்களோ அதற்கும் மேலே சுற்றுவன. இடைப்பட்ட அந்த உயரத்தை ஆராயச் சிறு ராக்கெட்டுகளே வழி. ஆகவே விக்ரம் சாராபாயும் அவருடைய தோழர்களும் தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். சிதம்பரத்துக்கும் தும்பாவுக்கும் தெற்கு வடக்காக ஏறத்தாழ மூன்று பாகை இடைவெளி. அதாவது 300 கிலோமீட்டருக்கும் மேல். காந்தக் கோடு பெருவிரலில் இருந்திருந்தால் அவர்கள் ஏன் கேரளக் கரைக்குப் போகிறார்கள்?

தும்பாவில் அவர்கள் கேட்ட நிலத்தில் புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களிடம் செய்தியை எடுத்துச் சொன்னார், மக்கள் இசைந்தனர். வழிபாட்டுக்கூடம் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் இல்லம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் வந்தன. 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் ஏறிச் சோடிய ஆவியை உமிழ்ந்தது. அந்திவானில் செம்மஞ்சள் மேகமொன்று ஒளிர்ந்தது. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் அந்தக் குழுவில் ஒருவர். அமெரிக்க ராக்கெட், பிரெஞ்சுக்காரரின் ஆவிக்கலம், இந்து, இசுலாமிய, கிறித்துவப் பெயர் தாங்கிய கைகள், கிறித்துவக் கோயிலின் கூரை. கோயில் வானத்துக்குத் திரையிடாமல் வழிவிட்டால் என்ன நிகழும் என்பதற்குத் தும்பா சான்று.

உடனே ஒரு கூட்டம் எழுந்து, 'நம் முன்னோர் அறியாத வானமா?' என்று கேட்கும். சமயத்தின் பேரால் கேட்பவரும் உண்டு. தமிழின் பேரால் கேட்பவரும் உண்டு. இருவருக்கும் ஒரே அளவுகோலை நீட்டுவதே பகுத்தறிவு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களை எடுத்துக்கொள்வோம். 27ஆம் பாடலில் ஓட்டுவாரின்றிச் செல்லும் வான்வண்டி வருகிறது. அதைக் காட்டி, தமிழன் அன்றே விமானம் விட்டான் என்போர் உளர். இல்லை, தோழர்களே! நல்வினை செய்தார்க்கு மறுமையில் கிடைக்கும் ஊர்தி அது, புலவரின் கற்பனை. கற்பனைக்கு எரிபொருள் வேண்டுவதில்லை. ஆனால் அவரே பாடிய 30ஆம் பாடலைப் பாருங்கள். ஞாயிறு செல்லும் வழி, அதன் விரைவு, காற்று உலவும் திசை, எதையும் பற்றாமல் நிற்கும் வானம் ஆகியவற்றை நேரில் சென்று அளந்தவர்போல் சொல்ல வல்லோர் இருந்தனர் என்கிறார். வானத்தை வணங்குவோரன்றி, வானத்தை அளப்போரும் அக்காலத்தே இருந்தனர் என்பது அதன் செய்தி. நாம் பெருமைப்படத் தக்கது வண்டியன்று, அளவை.

அந்த அளவை பிற்காலத்தில் என்னவாயிற்று? கடலூருக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் 1825இல் நடந்ததைக் கேளுங்கள். சென்னை வானாய்வு நிலையத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், தென்னாட்டுக் காலக்கணக்கைப் பற்றிக் 'கால சங்கலித' என்ற பெருநூலை எழுதியவர். அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த ஆண்டு மே 31, ஜூன் 1க்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த திங்கள் கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். கணிதர் தாளும் எழுதுகோலும் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்தார், கூட்டினார், கழித்தார். கிரகணத்தின் தொடக்கம் நான்கே நிமிடப் பிழையோடு வந்தது! ஆனால் நடுப்பகுதியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைத்தன. கணிதரின் நினைவாற்றலை வாரன் வியந்தார். அதே வேளையில், தாம் செய்யும் கணக்கின் அடிப்படை அவருக்குத் தெரியவில்லை என்பதையும் குறித்துவைத்தார்.

இந்த முறையை ஆராய்ந்து 1952இல் எழுதிய ஓட்டோ நியூகபவர், பழம் பாபிலோனியரின் கணக்குமுறைகளின் சுவடுகளை அதில் கண்டார். யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் களிமண் பலகையில் பிறந்த எண், பல நூற்றாண்டுகள் நடந்து, தமிழகத்துச் சோழியில் வந்து தங்கியிருந்தது! அறிவுக்கு நாடு இல்லை, சாதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? வாங்கியது குற்றமன்று. வாங்கியதைச் சிலர் மட்டும் பூட்டிவைத்துக்கொண்டு, பொருள் கேளாமல் ஓதி, வானத்தைப் பார்த்துத் திருத்தாமல் விட்டதே குற்றம். திருத்தாத கணக்கு நான்கு நிமிடத்தில் தொடங்கி 52 நிமிடத்தில் முடியும்.

திருத்தவேண்டும் என்று துணிந்தவரும் நம்மிடையே தோன்றினார். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக் கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியை மக்களுக்கு விளக்க, உரையாடல் வடிவில் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்டு திருத்துக என்று வாதிட்டார். வைதிகக் குடியில் பிறந்தவர்தாம். ஆனால் தொலைநோக்கி அவருக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். வானத்தை அறியாமை புலவர் அவையில் வெறும் பிழை. கடலூர்க் கரையில் அது பிணம். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையருகே 1749 ஏப்ரலில் வீசிய புயலில் நாமூர் என்ற பிரிட்டிசுப் போர்க்கப்பல் மூழ்கி 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய உலகில் மிகப் பெரிய கடற்படையைக் கொண்ட நாட்டுக்கே, மறுநாள் வரும் காற்றைச் சொல்ல ஆளில்லை. அதற்கு 215 ஆண்டுகள் கழித்து, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. ஓடிக்கொண்டிருந்த ரயிலையே கடல் விழுங்கியது. முதல் வானிலைக் கோள் 1960இலேயே மேலே ஏறிவிட்டது. ஆயினும் மேலிருந்து காணும் கண்ணுக்கும், கீழே வாழும் குடிசைக்கும் இடையே செய்தி செல்லும் வழி அன்று இல்லை.

2004 டிசம்பர் 26 அதை இன்னும் கொடுமையாகக் காட்டிற்று. சுமத்திராவில் நிலம் அதிர்ந்து, அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓடித் தப்பப் போதுமான நேரம்! வானிலோ, ஜேசன் என்ற செயற்கைக் கோள் அந்த அலையின் மேலேயே கடந்து சென்று, கடலின் எழுச்சியை அளந்து பதிந்தது. ஆனால் அந்த அளவு பிரித்துப் படிக்கப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்ட கண் இருந்தது. சொல்லும் வாய் இல்லை. அந்த வாயை அமைக்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் தொடங்கிற்று. ஆழ்கடலின் அடித்தளத்தில் வைத்த கருவி நீரின் அழுத்தத்தை அளக்கிறது; மேலே மிதக்கும் மிதவை அதைச் செயற்கைக் கோளுக்கு அனுப்புகிறது; கோள் நிலையத்துக்குச் சொல்கிறது.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல தலைமுறைச் செல்வம் ஓரிரவில் போயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களும் போயின. அது பெருந்துயரமே. ஆயினும் புயலின் வழி நாள்கள் முன்னரே வானிலிருந்து பின்தொடரப்பட்டது. மீனவர் கடலேறாமல் தடுக்கப்பட்டனர். 'ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கரையே விடை சொல்லட்டும். மாடியில் இருப்பவனுக்குப் புயல் ஒரு செய்தி. குடிசையில் இருப்பவனுக்கு அது சாவு. ஆகவே வானத்துக் கண் முதலில் ஏழைக்கே வேண்டும்.

அடுத்து, திங்களுக்குச் செல்வோம். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான் 2இன் தரையிறங்கு கலம் விழுந்து நொறுங்கியது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 தென்துருவத்தின் பக்கம் மெல்ல இறங்கிற்று. இரண்டு முறையும் ஏவுவதற்கு முன் திருப்பதியில் வழிபாடு நடந்ததை நாடே கண்டது. ஓர் எளிய கணக்குப் போடுவோம். வழிபாடு ஒன்றே, விளைவு இரண்டு. அப்படியானால் விளைவை மாற்றியது வழிபாடாக இருக்க முடியாது. மாறியது எது? முதன்முறை பொறிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இறங்க ஒதுக்கிய இடமோ அரைக் கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர். இதைப் பொறியாளர் மறைக்கவில்லை, பிழையைப் பட்டியலிட்டனர். கால்களை வலுவாக்கினர்; எரிபொருளைக் கூட்டினர்; நடுப்பொறியை நீக்கினர்; இறங்கும் இடத்தை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு விரித்தனர். இறங்கிற்று! தன் பிழையைத் தானே தேடித் திருத்தும் அந்தத் துணிவுதான் அறிவியல். அந்த நிறுவனத்திலேயே பிஎஸ்எல்வி வரிசையில் 12க்குப் பின் 14 வந்தது, 13ஐக் காணோம். எண்ணுக்கு அஞ்சும் மனமும் எண்ணால் வாழும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நம் காலத்தின் வேடிக்கை.

சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன், ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று மேலேறியவர். 1993இல் பிரிக்கப்படும்வரை விழுப்புரமும் கடலூரும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். அந்த மண்ணின் ஒரு மூலையில் ஆகாயம் திரைக்குப் பின்னால். மற்றொரு மூலையில் பிறந்த தொழிலாளியின் மகன், திங்களின்மீது கலத்தை இறக்கினார். கலத்தைச் சோதிக்க வேண்டிய நிலவு மண்ணுக்கு ஒப்பான மண்கூட நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து எடுத்துப் பொடித்ததுதான். பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தால் எந்தத் திரையும் தானே விலகும்.

முடிவாக, வருங்காலம். 2025 ஜூனில் சுபான்சு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று ஜூலை 15இல் திரும்பினார். இந்தியாவின் சொந்தக் கலத்தில் பறக்கப் பயிற்சி பெற்ற நால்வருள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். விண்ணிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் நெருப்புக்குள் நுழைந்தே வருகின்றனர். கலத்தின் முன்னே காற்று கடுமையாக அமுக்கப்பட்டுச் சூடேறுவதால் கலத்தைச் சூழ்ந்து தீ எழுகிறது. நந்தனாரின் நெருப்பு பிறப்பைக் கேட்டது. இந்த நெருப்பு எவரிடமும் பிறப்பைக் கேட்பதில்லை. வெப்பக் கவசம் சரியாக இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது.

ஆனால் ஒன்றில் விழிப்பாயிருக்க வேண்டும். 1967இல் நடப்புக்கு வந்த விண்வெளி உடன்படிக்கை, திங்களையும் பிற கோள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது, விண்வெளி மனித குலம் அனைத்துக்கும் உரியது என்கிறது. 2015இல் அமெரிக்கா இயற்றிய சட்டமோ, விண்ணில் தோண்டி எடுக்கும் பொருளைத் தனியார் தமதாக்கிக்கொள்ள இடமளிக்கிறது. பழைய திரையைப் புரோகிதம் தொங்கவிட்டது; புதிய திரையைப் பணம் தொங்கவிடலாம். வானத்துக்கு வேலி போடுவது யாராயினும், 'இது எவன் சொத்து?' என்று கேட்கும் தலைமுறையொன்று நம் சிற்றூர்களில் எழவேண்டும்.

அதற்கு வழி எளிது. அடுத்த கிரகணத்தன்று சமையலறையை மூடாதீர்கள். கருவுற்ற பெண்களை இருட்டறையில் அடைக்காதீர்கள். ஞாயிற்றைத் தகுந்த வடிகண்ணாடி வழியாகவோ, அட்டைத் துளையின் நிழலாகவோ காட்டுங்கள். திங்களை வெறுங்கண்ணால் காட்டுங்கள். பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தையும் கடிகாரம் காட்டும் நேரத்தையும் எழுதி ஒப்பிடுங்கள். படிப்பகத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கி வாங்கித் தேவனாம்பட்டினக் கரையில் நிறுத்துங்கள். 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களையும் அது காட்டும். வரிசையில் முதலில் நிற்கும் சிறுமி எந்தத் தெருவிலிருந்து வந்தாள் என்று கேட்காதீர்கள்; குழாயை அவள் உயரத்துக்குத் தாழ்த்துங்கள்.